காத்து பாத்து வெச்ச சேரி

எங்கள் காலனியில் யாரும் ஒரு பேச்சை ஒரே மூச்சில் பேசி முடிப்பதில்லை. பாதியில் நிறுத்துவோம். தலைக்கு மேலே ஒன்று போகும். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். சண்டை என்றாலும் அப்படித்தான். குழாயடியில் இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது விமானம் வந்தால் இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். போனதும், "இன்னா சொன்ன, இன்னொரு வாட்டி சொல்லு" என்று ஆரம்பிப்பார்கள். சாவு வீட்டில் ஒப்பாரியும் நிற்கும். என் நைனா செத்த அன்றைக்கு அத்தை சொன்ன ஒப்பாரியில் நாலு இடத்தில் ஓட்டை. அங்கே என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பிற்பாடு அத்தையைக் கேட்டேன். "அது அப்ப வர்றது. மறுபடி எங்க வரும்?" என்றாள்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. பயந்துகொண்டு அல்ல. அம்மா அந்தத் தளத்துக்குள்ளே குவார்ட்டர்சில் வீட்டு வேலை செய்கிறாள். கேட்டில் காட்ட ஒரு பாஸ் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாசில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, அந்தப் பாசில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். பயந்துகொண்டு அல்ல என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பயந்துகொண்டுதான். வட தமிழ்நாட்டில் ஒரு விமானத் தளம், அதற்குக் கிழக்கே ஒரு சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். போதும்.

ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் இருந்த பள்ளிக்குப் போனேன். முதல் வாரமே டீச்சர் கேட்டார்: "ஏன் இப்படிக் கத்தற? செவிடங்ககிட்டயா பேசற?" வகுப்பு சிரித்தது. அவரே பதிலும் சொன்னார்: "காலனிப் பசங்க எல்லாம் இப்படித்தான். பிறவிக் குணம்."

பிறவிக் குணம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். எங்கள் வீட்டில் கத்தாமல் கேட்டால் சோறு வராது. தண்ணீர்க் குடத்தைப் பிடி என்று கத்தாமல் சொன்னால் குடம் கீழே கிடக்கும். குழந்தை பேச ஆரம்பிக்கும்போதே சத்தத்துக்கு மேலே பேசக் கற்றுக்கொள்கிறது. தொண்டையைப் பெரிசாக்கியது ஓர் இயந்திரம். பேர் வந்தது சாதிக்கு. சேரிக்காரன் கத்துவான், சேரிக்காரிக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வதெல்லாம் விமானம் வருவதற்கு முந்தியே இருந்த பேச்சுதான். விமானம் வந்த பிறகு அதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

மெதுவாகப் பேச நான் கல்லூரியில்தான் கற்றுக்கொண்டேன். ஹாஸ்டலில் முதல் மாதம் தூக்கம் வரவில்லை. அவ்வளவு அமைதி. எம்.ஏ. வகுப்பில் யாப்பிலக்கணம் எடுத்த பேராசிரியர், கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று விளக்கினார். எங்கள் காலனியில் ஒரு விமானம் கடந்துபோக எத்தனை மாத்திரை ஆகும் என்று விரலை நொடித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சாயங்காலம் காலனிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். செய்யுளை மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் நிறுத்தும். சத்தம் போனதும், இரண்டு வரி தாண்டிப் போய்த் தொடங்கும். விட்டுவிட்டாயே என்றால், "மனசுக்குள்ள சொல்லிட்டேன் மிஸ்" என்கிறது. அதற்கு எப்படி மார்க் போடுவது?

2000ஆம் ஆண்டு மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதிகளில், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். டெசிபலில் 10 கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். எங்கள் பையன் ஒருவன் போனில் அளந்து பார்த்தான். 90ஐத் தாண்டியது. போன் அளவு கோர்ட்டில் நிற்காது என்று எனக்குத் தெரியும். நிற்கிற மாதிரி அளக்கும் கருவியோடு இதுவரைக்கும் எங்கள் தெருவுக்குள் ஒருத்தரும் வந்ததில்லை.

இது போர் விமானம் போருக்குப் போகிற சத்தம் இல்லை. படிக்கிற சத்தம். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் ஓடுபாதையில் சக்கரத்தைத் தொட வைத்து, நிற்காமல் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தொடுவார்கள். கை பழகுகிற வரைக்கும் அதே சுற்று. எங்கள் பிள்ளைகள் இதற்கு 'தொட்டுட்டு ஓடறது' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு விமானம் ஒரு தரம் போனால் ஒரு சத்தம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஒரே விமானம் ஒரு காலையில் எத்தனை தரம் எங்கள் கூரைக்கு மேலே பாடம் படிக்கிறது என்பது கீழே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் இப்படிப் பல இடம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கிற பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. அரக்கோணத்தில் 1992இல் கடற்படையின் ராஜாளி தளம் தொடங்கியது. ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கே இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் சூலூர். தஞ்சாவூரில் 2013இல் தளம் திறந்து, 2020 ஜனவரியில் சுகோய் விமானப் படைப்பிரிவு வந்தது. ராமநாதபுரம் உச்சிப்புளியில் 2009 முதல் பருந்து என்று ஒரு கடற்படைத் தளம். ராஜாளி, பருந்து என்று பறவைகளின் பேரை வைத்திருக்கிறார்கள். பறவையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் சேரி எப்படி ஓடுபாதைக்கு நேராக வந்து மாட்டிக்கொண்டது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் சொன்னது என் ஆயா. ஆயா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிறுமியாக, அந்த ஓடுபாதைக்கு மண் சுமந்தவள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்தப் போர்க் காலத்தில்தான் சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று பல இடத்தில் விமானத்துக்குப் பாதை போட்டார்கள். எங்கள் பக்கமும் போட்டார்கள். "நான் தூக்கன மண்ணு மேலதான் அது ஓடுது" என்று ஆயா சொல்லும்போது அதில் பெருமையும் இருக்கும், கோபமும் இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்று இறக்கையைச் சீக்கிரம் தூக்கும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதனால் ஓடுபாதை போடுமுன் அந்த இடத்தில் எந்தக் காற்று அதிக நாள் அடிக்கிறது என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். எங்கள் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடை. ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. ஆடியில் மேற்கு முகம் பார்த்து இறங்க வேண்டும் என்றால் கிழக்கிலிருந்துதான் வரவேண்டும். கிழக்கே நாங்கள். ஐப்பசியில் கிழக்கு முகம் பார்த்து ஏற வேண்டும். அப்போதும் கிழக்கே நாங்கள். "ஆடியில சேரி மேல எறங்கும், ஐப்பசியில சேரி மேல ஏறும்" என்பாள் ஆயா. ஏறும்போதுதான் சத்தம் அதிகம். முழு மூச்சோடு போகும்.

சரி, நாம் ஏன் கிழக்கே இருக்கிறோம் ஆயா?

"காத்து பாத்துதான் வெச்சான். மேக்காத்து ஊரைத் தொட்டுட்டுத்தான் நம்மகிட்ட வரணும். நம்மளத் தொட்ட காத்து அவனுக்கு ஆவாது."

எல்லா ஊரிலும் சேரி கிழக்கேதான் என்று நான் சொல்ல மாட்டேன். தெற்கே இருப்பதும் உண்டு, ஏரிக் கரைக்குக் கீழே இருப்பதும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் கிழவர் கிழவிகளைக் கேட்டால் இதே காற்றுக் கதையைத்தான் சொல்கிறார்கள். வாடைக் காற்றும் சாயங்காலக் கடல் காற்றும் எங்களைத் தொட்டுவிட்டுத்தான் ஊருக்குள் போகின்றன. அதனால் ஊரில் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை.

ஆக, சாதிக்காரன் காற்றைப் பார்த்து எங்களை ஒரு கோட்டில் வைத்தான். பிறகு வந்த இன்ஜினியர் அதே காற்றைப் பார்த்து ஒரு கோடு போட்டான். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. இன்ஜினியருக்குச் சாதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. காற்று மட்டும் தெரிந்தால் போதும். மிச்சத்தை ஊர் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயாவின் தலைக்குள் இருந்தது.

2022 ஆடியில் அத்தைக்கு ஒரு நோட்டீசு வந்தது.

அத்தை ஞாயிற்றுக்கிழமை மாட்டுக் கறி போடுகிறவள். மாமா இருக்கும்வரை மாமா போட்டார். அவர் போன பிறகு கத்தி அத்தை கைக்கு வந்தது. காலனி முனையில் புங்க மரத்தடியில் ஒரு மரக்கட்டை, ஒரு தராசு, ஒரு தார்ப்பாய். விடியற்காலையில் தொடங்கி பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். காலனியும் வாங்கும், ஊரும் வாங்கும். ஊர்க்காரர்கள் பைக்கை நிறுத்தாமல் பையை நீட்டுவார்கள், அத்தை போட்டுவிடுவாள். கல்லூரியில் படித்தபோது தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவந்தால் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில்தான் கூட்டிவருவேன். இதையும் எழுதி வைக்கிறேன். அத்தைக்கு அது தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

நோட்டீசு ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். 1937ஆம் ஆண்டு விமான விதிகள், 91ஆம் விதி. விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் யாரும் மிருகத்தை வெட்டக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது, குப்பை கூளம் கொட்டக் கூடாது. கழுகும் மற்றப் பறவைகளும் வரும். பறவை விமானத்தில் மோதும். கடையை எடுத்துவிட வேண்டும்.

தோல் உரிப்பது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. என் தாத்தா உரித்தார். செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் உரித்தால்தான் ஊர் ஊராக இருக்கும் என்று சொல்லி அந்த வேலையை எங்கள் தலையில் கட்டினார்கள். எங்களைக் கிழக்கே வைத்ததற்கு அதையே காரணமாகவும் சொன்னார்கள். உரிப்பதை எங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள், ரொம்ப காலம் ஆயிற்று. ஆனாலும் கழுகு என்றாலே சட்டத்தின் கண் எங்கள் பக்கம்தான் திரும்புகிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த விதி பொய் சொல்லவில்லை. 2019 ஜூன் 27இல் அம்பாலாவில் ஒரு ஜாகுவார் விமானம் கிளம்பியதும் பறவை மோதியது. விமானி எண்ணெய்த் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கீழே உதறிவிட்டுத்தான் பத்திரமாக இறங்க முடிந்தது. உதறியது விழுந்தது குடியிருப்புக்குப் பக்கத்தில். பறவை மோதினால் மேலே இருக்கிறவனுக்கும் ஆபத்து, கீழே இருக்கிற எங்களுக்கு அதைவிட ஆபத்து. பறவை வரக்கூடாது என்பதில் எங்களைவிட அக்கறை யாருக்கு இருக்க முடியும்?

என் கேள்வி வேறு. பத்துக் கிலோமீட்டர் ஆரம் என்றால் 314 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளே எத்தனை கோழிக் கடை, மீன் கடை, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம்! மெயின் ரோட்டில் வரிசையாகக் கோழிக் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நோட்டீசு வரவில்லை. வாரத்தில் ஒரு நாள், நாலு மணி நேரம், மரத்தடியில் கட்டை போடுகிற அத்தைக்கு வந்தது. அடுத்தது குப்பை. புது லேஅவுட்டுகளின் குப்பையை அள்ளுகிற லாரி எங்கள் ஏரிக் கரையில்தான் கொட்டுகிறது. தினமும் கொட்டுகிறது. பருந்துகள் சுற்றுவது அந்தக் குப்பைக்கு மேலே. அதை அள்ளி வந்து கொட்டுகிற வேலையும் எங்கள் ஆட்கள்தான் செய்கிறார்கள். அடுத்தவன் குப்பை எங்கள் வாசலில் கிடந்தால் அது எங்கள் குப்பை. அதைத் தேடிப் பருந்து வந்தால் அது எங்கள் பருந்து.

அடுத்த வருஷம் பெங்களூரில் இதே விதியை எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் எலகங்கா தளத்தில் விமானக் கண்காட்சி. அதற்காக ஜனவரி 30 முதல் பிப்ரவரி 20 வரை, சுற்றி 10 கிலோமீட்டருக்குள் எல்லா இறைச்சிக் கடையும் மூட வேண்டும் என்று மாநகராட்சி உத்தரவு போட்டது. அங்கே எல்லாக் கடையும் என்றாவது சொன்னார்கள்.

மனு எழுதினேன். பெண்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். எந்த அலுவலகம் என்பதும் இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அத்தைக்கு அறுபது வயதுக்கு மேலே. "ஏம்மா, நீதான் கறி போடறவளா?" என்றார்.

"நாந்தான் சார்."

"சத்தம்னு வேற எழுதியிருக்கீங்க. ஏர்போர்ட்டுப் பக்கத்துல எதுக்கு வந்து குடியேறினீங்க? புடிக்கலைன்னா வேற எடம் பாத்துப் போக வேண்டியதுதானே?"

அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாங்க வரல சார். அதுதான் வந்துச்சு" என்றாள்.

வேறு இடம் பார்த்துப் போக வேண்டியதுதானே என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனையே மிராசுதாரன் கையில் இருந்ததை அவர் எழுதினார். அதைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதும் கைமாறிப் போயிற்று. அதைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். வேறு இடம் கேட்டு அல்ல, தங்களுடைய இடத்தைக் கேட்டு. எங்களுக்குப் போக இன்னோர் இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த அதிகாரி காட்டியிருந்தால் அந்தத் திசையில் காற்று எப்படி என்று ஆயாவின் கணக்கை வைத்து நாங்கள் பார்த்திருப்போம்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சண்டை. அம்மா கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனாலும் செய்தி தளத்துக்குள்ளே போய்விட்டது. அம்மா வேலை செய்கிற வீட்டில் இல்லை, வேறு எங்கேயோ, யாரோ, "உன் பொண்ணுதான் மனு எழுதுதா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"உனுக்கு இன்னாடி, எழுதிட்டுப் போயிடுவ. நாளைக்கு கேட்டுல பாஸ நீட்டும்போது திரும்பிப் போன்னா நான் எங்க போவேன்?"

"அத்தே கடைய எடுத்தா அது எங்க போவும்?"

அம்மா பதில் சொல்லவில்லை. ராத்திரிப் பயிற்சி நடந்த நாள் அது. மேலே ஒன்று போனது. இரண்டு பேரும் வழக்கம் போல் நிறுத்திக்கொண்டோம். அது போன பிறகு நான் தொடரவில்லை. அம்மாதான் தொடர்ந்தாள், வேறு குரலில்.

"உள்ள போயிப் பாத்தீன்னா ஒரு எலும்பு வெளிய கெடக்காது. கறியும் துன்றாங்கோ, மீனும் துன்றாங்கோ. ஆனா குழி வெட்டி, உறை எறக்கி, மூடி போட்டு வெச்சிக்கீறாங்கோ. அதே மாரி இங்கியும் போட்டுக் குடுன்னு கேளு. கடைய எடுக்காதன்னு மட்டும் இன்னாத்துக்குக் கேக்கற?"

மனுவை மறுபடி எழுதினேன். இரண்டாவது மனுவில் முக்கியமான வாக்கியம் அதுதான்: தளத்துக்குள்ளே கழிவுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறதோ அதே ஏற்பாட்டை எங்கள் காலனிக்கும் செய்து தர வேண்டும், ஏரிக் கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்த வேண்டும். மனுவில் அம்மாவின் கையெழுத்து இல்லை. வாக்கியம் அம்மாவுடையது.

அந்த நாட்களில்தான் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழும் இன்னு பழங்குடிகளைப் பற்றிப் படித்தேன். அங்கே கூஸ் பே என்ற தளம். 1980களில் நேட்டோ நாடுகளின் போர் விமானங்கள் தாழப் பறக்கும் பயிற்சிக்கு அங்கே வந்தன. தரையிலிருந்து 30 மீட்டர் உயரம் வரைக்கும் இறங்கிப் பறக்கும். ஆளில்லாத காடு என்று பைலட்டுகளுக்குச் சொல்லியிருந்தார்கள். இன்னு மக்கள் அந்தக் காட்டில்தான் கூடாரம் போட்டு வேட்டையாடி வாழ்ந்தார்கள். 1988இல் பெண்களும் பிள்ளைகளுமாக ஓடுபாதைக்குள் நடந்துபோய் உட்கார்ந்தார்கள். கைது செய்தார்கள். மறுபடி போய் உட்கார்ந்தார்கள். 1989 ஏப்ரலில் இக்லோலியோர்ட் என்ற நீதிபதி, இது தங்கள் நிலம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள், ஆகவே அத்துமீறல் இல்லை என்று நாலு பேரை விடுதலை செய்தார். இதை டியூஷன் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "நாமளும் போயி உக்காரலாமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டது. மண் சுமந்தவள் பேத்தி கேட்க வேண்டிய கேள்விதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் அம்மாவுக்கும் பாஸ் இருக்கிறது.

நாங்கள் விமானத்துக்கு எதிரி இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே தேசத் துரோகி என்று எழுதுவார்கள். என் தம்பி சின்ன வயதிலிருந்தே விமானப் படையில் சேர வேண்டும் என்று இருந்தவன். சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்வான். ஏர்மேன் தேர்வு எழுதினான், ஓடினான், தண்டால் எடுத்தான். எல்லாம் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் காது சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இந்தச் சத்தத்தால்தான் காது போயிற்று என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானும் எழுதவில்லை. அவன் வளர்ந்த வீடு எது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி. லட்சக்கணக்கில் கூட்டம். வெயிலில் மயங்கி விழுந்து, அன்றைக்கு ஐந்து பேர் இறந்தார்கள். காலனியிலிருந்தும் ஒரு வேன் போனது. அம்மாவையும் கூப்பிட்டார்கள். "நான் எதுக்கு? என் தலை மேல தெனம் ஓசியில காட்றான்" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். வேனில் போன பிள்ளைகள் குதியாட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். மேலே போவது அழகு என்பது அவர்களுக்குத் தெரியும். தூரத்தில் நின்று பார்க்க அன்றைக்குத்தான் வாய்த்தது.

போன வருஷம், 2025 நவம்பர் 14 மத்தியானம், தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் திருப்போரூர்ப் பக்கம் விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். டிவியில் ஓடியது. அம்மா கையில் இருந்ததை வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அம்மா இத்தனை வருஷமாக வீடு பெருக்கி, சட்டை தேய்த்துக் கொடுக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தாள். "கீழ?" என்றாள்.

கீழே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொன்னேன். ஆனால் அம்மாவின் கேள்வியை எல்லா டிவியும் அன்றைக்குக் கேட்டது. அத்தையின் கேள்வியை நான் அத்தை வாயிலிருந்துதான் கேட்டேன்.

மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதில் வரவில்லை. நோட்டீசை ரத்து செய்யவும் இல்லை, கடையை எடுக்க ஆளும் வரவில்லை. நாங்களே வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு நாலு சிமெண்ட் உறை வாங்கி இறக்கி, இரும்பு மூடி போட்டோம். கட்டைக்கு மேலே தகரம், சுற்றிலும் கம்பி வலை. அத்தையின் கடையில் இப்போது ஒரு எலும்பு வெளியே கிடக்காது. குப்பை லாரியை இரண்டு முறை மறித்துத் திருப்பி அனுப்பினோம். ராத்திரியில் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. பருந்து அங்கேதான் சுற்றுகிறது.

இப்போது மூன்றாவது மனு எழுதுகிறேன். இதில் மூன்று கேட்கிறோம். ஏரிக் கரையில் குப்பை நிற்க வேண்டும். சத்தத்தை முறையான கருவி வைத்து, ஆடியில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும், எங்கள் தெருவில் அளந்து எங்களுக்குச் சொல்ல வேண்டும். காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் காது பரிசோதனை வேண்டும். இதில் எதுவும் நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லை. இந்த மாதிரித் தளத்தின் நிழலில் வேறு காலனிகளில் இருக்கிற தோழர்கள் தங்கள் ஊரில் ஓடுபாதை எந்தத் திசை, சேரி எந்தத் திசை என்று பார்த்து எழுதுங்கள். சேர்த்துப் போடுவோம்.

வரைவை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு தரம் நிறுத்தினேன். முடிந்ததும், "காது டெஸ்டுக்கு உன் தம்பியையும் சேத்துக்கோ" என்றாள். பிறகு, பேனாவைக் கொடு என்றாள். எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். பத்திரம் என்று சொல்லி நான்தான் கொஞ்சம் தயங்கினேன். "ஆயா பேரையும் எழுது, அது மண்ணு தூக்கனவ" என்று சொல்லிவிட்டு, அத்தையின் பேருக்குக் கீழே போட்டாள்.